தினையைத் தேடினா வினை வருதாம்

ஏஞ்சாமி, வா, உக்காரு. அந்தப் பையை இறக்கி வை. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவன் மூஞ்சி வெளிறித்தான் கெடக்கும். ஆனா உன் மூஞ்சி வெளிறினது வளைவாலயா, லேப்டாப்புல வரைஞ்சு வெச்சிருக்கிற அந்தப் படத்தாலயான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

திருப்பிக் காட்டு பார்க்கலாம். அடேங்கப்பா! இது மோங்கோ டி.பி., இது ரெடிஸ், இது எலாஸ்டிக்சர்ச் மூணு நோடு. எல்லாத்தையும் மேய்க்கிறதுக்குக் குபர்நெட்டிஸ். ஓரமா ஒரு வெக்டர் டேட்டாபேஸ் வேற. பக்கத்துக்குப் பக்கம் அம்பு. நம்ம வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு வரிசையாத் துளைச்சான்னு புறநானூறு சொல்லுது. நீ இத்தனை அம்பு விட்டிருக்கே, ஒன்னுகூட எதையும் துளைச்ச மாதிரி தெரியலையே கண்ணு.

நடுவுல இருக்கிறது என்ன? ஹெட்லெஸ் சி.எம்.எஸ்.ஸா? நல்லது. மலையில ஏற்கெனவே எட்டுக்கை அம்மன் இருக்கா, நீ தலையில்லாத ஒன்னையும் கூட்டியாந்துட்டே. எனக்குப் புரியாதுன்னு நினைக்காதே. எழுதி வெக்கிறது ஒரு இடம், அதைக் காட்டுறது இன்னொரு இடம், நடுவுல ஏ.பி.ஐ. வெப்சைட்டு, ஆப்பு, செம்மேடு பஸ் ஸ்டாண்டுல ஒரு திரைன்னு ஒரே சரக்கு நாலு இடத்துக்குப் போகணும்னா அது கெட்டிக்காரத்தனம். உனக்கு இருக்கிறது ஒரே வெப்சைட்டு. அதுலயும் என்ன போடப் போறே? சாமை, தினை, மிளகு, காப்பி, ஓரி கதை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கைக்கு இறங்குற படி. அருமையான காரியம், நான் குறை சொல்லல. எத்தனை பக்கம் எழுதி முடிச்சிருக்கே?

விரல் விட்டு எண்ணுறே பாரு, போதும் சாமி, பதில் கிடைச்சிருச்சு.

நான் என்னத்தைக் கண்டேன், மலைக்காட்டுக் கிழவன். சேலத்துல ஒரு காலேஜ் லைப்ரரியில அட்டை அடுக்கியே மயிரு நரைச்சவன். ஆனா நீ இன்வெர்டெட் இண்டெக்ஸ், இன்வெர்டெட் இண்டெக்ஸ்னு நேத்து பொறந்த கன்னுக்குட்டியைக் காட்டுற மாதிரி காட்டுறியே, அதை நான் கையில தூக்கிச் சுமந்திருக்கேன். பாண்டிச்சேரியில இருந்த பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்குச் சொல்லடைவு போட்டுச்சு, மூணு தொகுதி, 1967ல தொடங்கி 1970 வரைக்கும். ஒரு சொல்லை எடுத்தா அது எந்த நூல்ல, எந்தப் பாட்டுல, எந்த வரியில வருதுன்னு பட்டியல் இருக்கும். சொல்லு முன்னால, அது இருக்கிற இடம் பின்னால. உன் எலாஸ்டிக்சர்ச் செய்யுறதும் இதேதான். அதுக்கும் முன்னாடி உ.வே. சாமிநாதையர் 1894ல புறநானூறை அச்சுல ஏத்தினப்பவே பின்னால அரும்பத அகராதி போட்டாரு. கரண்டு இல்லாத காலத்துத் தேடுபொறி அது. சர்வர் டவுன்னு யாரும் சொன்னதில்ல.

அந்தச் சொல்லடைவுல பெருசு எது தெரியுமா? அது தொலைஞ்சாலும் பரவாயில்லைங்கிறதுதான். பாட்டு இருக்குது, திரும்ப உக்காந்து எடுத்துரலாம். பாட்டு தொலைஞ்சா அந்த மூணு தொகுதியை வெச்சுக்கிட்டு மொட்டைப் பாறையில உக்கார வேண்டியதுதான்.

ஜன்னல் வழியா பாரு. சில்வர் ஓக்கு மேல மிளகுக் கொடி ஏறியிருக்குது. விலை போறது கொடியில காய்க்கிற மிளகு. அதனால உன்னை மாதிரி டவுன் பசங்க வந்தா கொடியை மட்டும் போட்டோ எடுப்பாங்க. கொடிக்கு வாடல் நோய் வரும், ஒரே மழைக்காலத்துல கருகிப் போயிரும். போகட்டும், ஒரு தண்டை வெட்டி வெச்சா மறுபடி அதே மரத்துல ஏறிக்கும். மரமே சாஞ்சா கொடியை எதுல ஏத்துவே? நீ எழுதுற எழுத்து மரம், தேடலுக்குப் போடுற இண்டெக்ஸ் கொடி. இந்தப் படத்துல எது மரம், எது கொடி, எனக்குத் தொட்டுக் காட்டு.

முழிக்கிறே. ஏன்னா, ஒரு பக்கம் எழுதி சேவ் பண்ணினா மோங்கோவுக்கு ஒரு அம்பு போகுது, அதே நேரத்துல எலாஸ்டிக்சர்ச்சுக்கு இன்னொரு அம்பு போகுது. ஒன்னு போய்ச் சேர்ந்து இன்னொன்னு வழியில செத்தா? மிளகு விலையை நீ மாத்தியிருப்பே, தேடுறவனுக்குப் போன வருச விலை வரும். எது நிஜம்னு ரெண்டும் ஒன்னை ஒன்னு கை காட்டும். விக்கிப்பீடியாவைப் பாரு. அதை ஓட்டுற மீடியாவிக்கி முதல்ல மரியா டி.பி.யில எழுதிரும். அப்புறம்தான் மாறின சேதி ஒரு வரிசையில போய் நிக்கும், அதைப் பார்த்துத் தேடல் இண்டெக்ஸ் தன்னைத் திருத்திக்கும். கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். இண்டெக்ஸ் மொத்தமும் கெட்டாலும் மூலத்துல இருந்து திரும்பக் கட்டிருவாங்க. உலகத்துலயே பெரிய கலைக்களஞ்சியம் அப்படி ஓடுது. உன் சாமை வெப்சைட்டுக்கு மட்டும் அதைவிட அவசரமா?

எலாஸ்டிக்சர்ச்சை நான் திட்டல. அது பொறந்த கதையே எனக்குப் புடிக்கும். ஷாய் பேனன்னு ஒருத்தர், பொண்டாட்டி லண்டன்ல சமையல் படிக்கப் போனா. இவரு வேலையில்லாம உக்காந்திருந்தவரு, அவளோட சமையல் குறிப்பைத் தேட ஒரு சின்னக் கருவி செய்ய ஆரம்பிச்சாரு. அது வளர்ந்து வளர்ந்து 2010ல எலாஸ்டிக்சர்ச்சா வெளிய வந்துச்சு. அந்த அம்மாவுக்குச் சமையல் குறிப்பு ஆப்பு மட்டும் வரவே இல்லைன்னு கேலி பண்ணுவாங்க. அதுக்கு அடியில ஓடுற லூசீன் இருக்குதே, அது டக் கட்டிங் எழுதினது. அந்தப் பேரும் அவரு பொண்டாட்டியோட நடுப்பேருதான். ஆகமொத்தம் இந்தத் தேடல் உலகமே வீட்டுக்காரிக்குப் பயந்து உண்டானது. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதான் உன் டிசைன்ல அடக்கம் இல்ல.

ஆனா 2021 தொடக்கத்துல அந்தக் கம்பெனி லைசென்ஸை மாத்துச்சு. அமேசான்காரன் கோபிச்சுக்கிட்டு அதையே பிரிச்செடுத்து ஓப்பன்சர்ச்னு தனிக்குடித்தனம் போனான். மூணு வருசம் கழிச்சு இவங்களும் திரும்பத் திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கிட்டாங்க. பங்காளிச் சண்டை, நமக்கெதுக்கு. ஆனா மூலத்தைத் தனியா வெச்சிருந்தவன் அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினான். எலாஸ்டிக்சர்ச்சுக்குள்ளயே எல்லாத்தையும் போட்டு வெச்சு, அதுதான் என் டேட்டாபேஸுன்னு மார் தட்டினவன் வக்கீலைத் தேடினான்.

மரம் எப்படி இருக்கணும்னு கேளு. மதுரைத் திட்டம் தெரியுமில்ல? 1998 பொங்கலன்னைக்குத் தொடங்கினது. சுவிட்சர்லாந்துல லொசான்ல இருந்த கல்யாணசுந்தரம் ஐயா முன்னால நின்னாரு, உலகம் பூரா தமிழங்க வீட்டுல உக்காந்து பழைய நூலையெல்லாம் சம்பளமில்லாமத் தட்டச்சு பண்ணினாங்க. அப்போ யூனிகோடு ஏது நம்ம கையில? அவரே செஞ்ச மயிலை எழுத்துரு, அப்புறம் டிஸ்கிங்கிற குறியேற்றம், அதுக்கப்புறம் யூனிகோடு. டிஸ்கியில 'கொ'ன்னா கண்ணுக்குத் தெரியுற வரிசையில கொம்பு முதல்ல, 'க' நடுவுல, கால் கடைசியில. யூனிகோடுல 'க' முதல்ல வந்துரும், உயிர்க்குறி பின்னால. வரிசையே வேற. அப்படி இருந்தும் அத்தனை நூலும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துச்சு. காரணம் என்ன? வெறும் எழுத்துக் கோப்பு, சாதா எச்.டி.எம்.எல். பக்கம். மாத்துறதுக்கு ஒரு சின்ன நிரல் போதும். அந்தக் காலத்துல உன்னை மாதிரி ஒரு படம் வரைஞ்சு, இப்போ பேரே மறந்துபோன ஏதோ ஒரு மென்பொருளுக்குள்ள கொண்டுபோய்ப் பூட்டியிருந்தா, இன்னைக்குச் சாவி செய்யுற ஆளைத் தேடிக்கிட்டு இருப்போம்.

மரம் ஒன்னே ஒன்னா நின்னா என்னாகும்ங்கிறதுக்கு வேடிக்கையா ஒன்னும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து நூலகம் 1981ல எரிஞ்சுது. தொண்ணூத்தேழாயிரம் புத்தகம்னு கணக்கு சொல்றாங்க, அதுல வேற பிரதியே இல்லாத ஏடும் இருந்துச்சு. அந்த எரிச்சல் ஆறாமத்தான் 2005ல நூலகம்னு ஒரு திட்டத்தை அங்கத்துப் பசங்க ஆரம்பிச்சாங்க. ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, மலர்னு படம் புடிச்சுப் புடிச்சு ஏத்துறாங்க. அவங்களும் புதுசா ஒன்னையும் கண்டுபிடிக்கல, விக்கிப்பீடியாக்காரன் சும்மாக் கொடுத்த அதே மீடியாவிக்கியை எடுத்துக்கிட்டாங்க. பக்கத்துக்குப் பக்கம் யாரு எப்போ என்ன மாத்தினாங்கன்னு வரலாறு கூடவே வந்துருது பாரு, ஒரு ஆவணத்துக்கு அதைவிட என்ன வேணும். நீ எடுத்து வெக்கிற பிரதி ஒன்னு மலைக்கு மேல இருக்கட்டும், ஒன்னு கீழ இருக்கட்டும், ஒன்னு கடல் தாண்டி இருக்கட்டும். அதுக்கு நோடு எதுவும் வேண்டாம்.

சரி, மரம் நட்டாச்சு. இப்பக் கொடிக்கு வருவோம். இங்கதான் உன் படத்துல ஒரு கட்டம்கூட இல்ல. எத்தனை சர்வர்னு எழுதியிருக்கே, தமிழ்னு எங்கயாவது எழுதியிருக்கியா?

நம்ம மலையோட பேரையே எடுத்துக்க. கொல்லிமலை. முதல் எழுத்துலயே வினை இருக்குது. யூனிகோடுல 'கொ'வை ரெண்டு விதமா எழுதலாம். 'க'வுக்கு அப்புறம் ஒகரக் குறி ஒன்னே ஒன்னு போடலாம். இல்லைன்னா எகரக் கொம்பு ஒன்னு, கால் ஒன்னுன்னு ரெண்டாப் பிரிச்சும் போடலாம். திரையில பார்த்தா அச்சு அசலா ஒன்னுதான், நாமக்கல் கலெக்டரே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. மெஷினுக்கு அது ரெண்டு வேற சொல்லு. ஒருத்தன் ஒரு மாதிரி எழுதி வெச்சு, இன்னொருத்தன் இன்னொரு மாதிரி தேடினா, கொல்லிமலைன்னு ஒரு ஊரே இல்லைன்னு சொல்லிரும். யூனிகோடுக்காரங்களே ரெண்டும் ஒன்னுதான்னு விதி எழுதி வெச்சிருக்காங்க. உள்ள வரும்போதும் ஒரு தடவை, தேடும்போதும் ஒரு தடவை எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்திக்கணும், நார்மலைசேஷன்னு பேரு. ஒரு வரி நிரல். அந்த ஒரு வரி இல்லாம நீ குபர்நெட்டிஸ் வெச்சா, இல்லாத ஊருக்கு எட்டு வழிச்சாலை போட்டவன் ஆயிருவே.

எல்லாத்தையும் அந்த ஒரு வரி தீர்த்துராது. 'ஸ்ரீ'யைப் பாரு. 2005ல யூனிகோடுக்குள்ள புதுசா 'ஶ' வந்துச்சு. அப்புறம் 'ஸ்ரீ'யை அதுல தொடங்குறவன் ஒரு பக்கம், பழைய 'ஸ'வுல தொடங்குறவன் ஒரு பக்கம். இது ரெண்டும் ஒன்னுன்னு விதியில இல்ல, நீயேதான் கையால எழுதிக்கணும். 'கௌ'வுக்குப் பதிலா கொம்பும் 'ள'வும் போட்டு வெக்கிற மகராசனுங்க வேற நம்ம ஊரு பூரா இருக்காங்க.

'அவ்வளவு பெருசு வேண்டாம்னா எஸ்.க்யூ.லைட்டை எடுத்துக்கிறேன் தாத்தா, சின்னது'ங்கிறே. பாராட்டுறேன், முதல் தடவையா புத்தி பேசுறே. உன் போன்ல, பிரவுசர்ல எல்லாம் அதுதான் சத்தமில்லாம ஓடுது. ஆனா அதுலயும் ஒரு கிறுக்கு இருக்குது, சொல்லிடறேன். அதோட முழுச்சொல் தேடல், எஃப்.டி.எஸ்.5ன்னு சொல்லுவாங்க, அதை அப்படியே எடுத்துப் போட்டா எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் சொல்லோட பங்குன்னு நினைக்கும். நம்ம புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் யூனிகோடு கணக்குல எழுத்தில்ல, ஒட்டுக்குறி. அதனால குறி வர்ற இடத்துல எல்லாம் சொல்லை வெட்டிரும். கொல்லிமலை என்ன ஆகும் தெரியுமா? 'க', 'ல', 'ல', 'மல'. நாலு துண்டு! சிரிக்காதே, இன்னும் இருக்குது. 'கொல்லி'ன்னு தேடினா 'க, ல, ல'ன்னு தேடும். 'கில்லி'யும் 'க, ல, ல'தான். 'குல்லா'வும் 'க, ல, ல'தான். சிறுதானியம் வாங்க வந்தவன் விஜய் படம் பார்த்துட்டு, தலையில குல்லாவைப் போட்டுக்கிட்டு இறங்கிப் போவான். ஒட்டுக்குறியையும் சொல்லோட சேர்த்துக்கன்னு அட்டவணை உண்டாக்கும்போதே ஒரு விருப்பம் கொடுக்கலாம், சரியாயிரும். ஆனா அதைக் கொடுக்கணும்னு தெரியணும்னா, தமிழ்ல ஒரு சொல்லைப் போட்டுத் தேடிப் பார்த்திருக்கணும். நீ 'டெஸ்ட்', 'ஹலோ வேர்ல்டு'ன்னு இங்கிலீசுல தேடிப் பார்த்துட்டு வேலை செய்யுதுன்னு காப்பி குடிக்கப் போயிருவே.

அடுத்தது பிழை பொறுக்கிற தேடல். ஃபஸ்ஸி. ஒன்னு ரெண்டு எழுத்து தப்பா அடிச்சாலும் கண்டுபிடிச்சுரும்னு பெருமையா டிக்கு அடிச்சு வெச்சிருக்கே. எலாஸ்டிக்சர்ச்சுல அதைத் தானியங்கியா விட்டா, மூணுல இருந்து அஞ்சு எழுத்து வரைக்கும் உள்ள சொல்லுக்கு ஒரு பிழையைப் பொறுக்கும், அதுக்கு மேல போனா ரெண்டு பிழை. நல்லதுதான், இங்கிலீசுக்கு. அது எண்ணுறது நம்ம எழுத்தை இல்ல, குறியையும் தனியா எண்ணும். 'தினை' நமக்கு ரெண்டே எழுத்து, அதுக்கு நாலு. அப்போ ஒரு பிழை பொறுக்கலாம். ஒன்னை மாத்திப் பாரு. 'திணை' வருது. இன்னொன்னை மாத்திப் பாரு. 'வினை' வருது. தினை விதைச்சவன் தினை அறுப்பான்னு நம்ம ஆயா சொல்லிக் கொடுத்தா. உன் மெஷின்ல தினை விதைச்சவனும் வினை அறுப்பான், நடுவுல குறிஞ்சித் திணைன்னு தொல்காப்பிய வகுப்பும் கேட்டுட்டு வருவான். சின்னச் சொல்லுக்கு அதை அணைச்சு வை. நீளமான பேரு, 'அறப்பளீஸ்வரர்' மாதிரி, அதுக்கு வேணும்னா வெச்சுக்க. அவரை 'அரப்பளீஸ்வரர்'னு எழுதுறவனும் உண்டு, 'அறப்பளீசுவரர்'னு எழுதுறவனும் உண்டு, சாமி யாரையும் கோவிச்சுக்கிட்டதில்ல.

சந்தி, வேற்றுமையைப் பத்திச் சொன்னா விடிஞ்சிரும். கொல்லிமலையில, கொல்லிமலைக்கு, கொல்லிப்பாவை, கொல்லிக்குடவரை. உருபை உரிச்சு வேரை எடுக்க ஸ்டெம்மர்னு ஒன்னு இருக்குது. ஸ்னோபால்னு ஒரு தொகுப்புல தமிழுக்கும் எழுதி வெச்சிருக்காங்க, அதை 2019ல வந்த போஸ்ட்கிரெஸ் 12 தனக்குள்ளயே சேர்த்துக்கிச்சு. ஆக, ஒரே டேட்டாபேஸுல எழுத்தும் வெச்சுக்கலாம், தமிழ்த் தேடலும் வெச்சுக்கலாம், மூணு நோடுக்கு வாடகை மிச்சம். ஆனா அது விதியை வெச்சு உரிக்கிறது. ஆற்றுல இருந்து ஆறு வருமா, மரத்துல இருந்து மரம் வருமான்னு நீதான் ஒவ்வொன்னாத் தேடிப் பார்க்கணும். சில சமயம் தோலோட சதையும் வந்துரும். அதனால முழுச்சொல்லையும் அடைவுல போடு, உரிச்சதையும் போடு. முழுசாப் பொருந்தினது முன்னால வரட்டும்.

வெக்டரா? இரு, வர்றேன். யாராவது 'மூட்டு வலி'ன்னு தேடினா முடவாட்டுக்கால் கிழங்கு வரணும், அது எழுத்துப் பொருத்தத்துல வராது, பொருளைப் புரிஞ்சு எடுக்கணும், அதுக்குத்தான் வெக்டர்ங்கிறே. நியாயமான பேச்சு. லட்சக்கணக்குல பக்கம் இருக்கிறவனுக்கு அது வேணும். ஆனா சாமி, உன் முடவாட்டுக்கால் பக்கத்துல 'மூட்டு வலிக்கு இதைச் சூப்பு வெச்சுக் குடிப்பாங்க'ன்னு ஒரு வரி எழுதலாமில்ல? அதை எழுத மாட்டே. அதுக்குப் பதிலா மாசாமாசம் டாலர்ல பணம் கட்டுவே. அப்புறம் 'ஆட்டுக்கால்'னு தேடுறவனுக்கும் இந்தப் பக்கம் வரணும், இது சைவ ஆட்டுக்கால்னும் ஒரு வரி போட்டுக்க. அசைவக்காரன் ஏமாந்தாலும் ஒரு சூப்பு குடிச்சுட்டுப் போகட்டும்.

ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பேரு இருக்குதே, அதையெல்லாம் தனியா ஒரு தாள்ல எழுது. கேழ்வரகு, ராகி, கேப்பை, ஆரியம். காப்பி, காபி. இந்தத் தாளை இண்டெக்ஸுக்குள்ள அரைச்சு விட்டுராதே. தேடுற நேரத்துல பார்த்துக்கிற மாதிரி வை. புதுப்பேரு ஒன்னு கிடைச்சா தாள்ல ஒரு வரி சேர்த்தாப் போதும், மொத்தத்தையும் திரும்பக் கட்ட வேண்டியதில்ல.

கடைசியா அந்த இடது பக்கத்துப் பட்டை. ஃபில்டர். ஷாப்பிங் ஆப்புல சைஸு, கலரு, விலைன்னு வருமே, அது அமெரிக்காக்காரன் மூளைன்னுதானே நினைச்சே? நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் போட்ட வழி. 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா ஆனவரு, கணக்கு வாத்தியாரு. படிக்க லண்டன் போன இடத்துல ஒரு பெரிய கடையில மெக்கானோ பொம்மையைப் பார்த்தாரு. அதே துண்டுகளைத் திருப்பித் திருப்பி முடுக்கினா ஒரு தடவை வண்டி, ஒரு தடவை பாலம். புத்தகப் பொருளையும் இப்படித் துண்டு துண்டா வெச்சு, வேணுங்கிறப்போ முடுக்கினா என்னன்னு தோணுச்சு. 1933ல கோலன் வகைப்பாடு வந்துச்சு. ஒரு புத்தகத்துக்கு ஒரே அலமாரிதான்னு கட்டிப் போடாம, எது, எதால ஆனது, என்ன நடக்குது, எங்க, எப்போன்னு அஞ்சு முகமாப் பார்க்கச் சொன்னாரு. ஃபாசெட்டுன்னு நீ சொல்றது அவரு சொல்லிவெச்ச சொல்லுதான்.

அதை நம்ம சாமைக்குப் போடு. நம்ம மலையில சாமை ஒன்னா இருக்குது? கட்டவெட்டிச் சாமை, கருஞ்சாமை, வெள்ளப்பெருஞ்சாமைன்னு வரிசையா இருக்குது. 1990கள்ல இருந்து சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து நம்ம பொம்பளைங்களோட உக்காந்து இந்த ரகத்தையெல்லாம் எழுதினாங்க, ஊருக்குள்ள விதை வங்கி வெச்சாங்க. ரகம், பருவம், எந்த நாட்டுல விளையுது, விதை எங்க கிடைக்கும். இதுதான் உன் ஃபில்டர். இடத்துக்கு மட்டும் கவனமா இரு. ரெடிமேடு பிளக்கின் மாநிலம், மாவட்டம், பின்கோடுன்னு கேட்கும். நமக்கு வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடுன்னு கணக்கு. அதை அது 'நாடு'ன்னா இந்தியாவான்னு கேட்டு நிக்கும்.

என்ன, படத்தை அழிக்கிறியா? அழிக்காதே, உன் கம்பெனியில காட்டு, சம்பளம் ஏத்துவாங்க. இங்க, பக்கத்துக்கு ஒரு எழுத்துக் கோப்பு. அதுல இருந்து ராத்திரி ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் கட்டி விடு. தேடலுக்கு ஒரு சின்ன இண்டெக்ஸ் கோப்பு, அது பக்கத்தோடயே போனுக்குள்ள இறங்கிரட்டும், சிக்னல் போனாலும் தேடலாம். பக்கம் ஆயிரக்கணக்குல பெருகினா போஸ்ட்கிரெஸ். அதுவும் மூச்சு வாங்கினா எலாஸ்டிக்கோ ஓப்பனோ, அப்போ எந்தப் பங்காளி உயிரோட இருக்கானோ அவனைக் கூப்பிட்டுக்க.

இப்போ லேப்டாப்பை மூடிட்டு ஒரு நோட்டை எடு. உங்க ஆயா அடுப்படியில இருக்கா. அவளுக்குத் தெரிஞ்ச சாமைப் பேரு, தினைப் பேரு, ஒவ்வொன்னுக்கும் பக்கத்து ஊருல என்ன சொல்லுவாங்கன்னு கேட்டு எழுதிட்டு வா. அவ ஒரு கேள்விக்குப் பத்துப் பதில் சொல்லுவா, எது முதல்ல வரணும்னு வரிசைப்படுத்துறது உன் பாடு. மெதுவாக் கேளு. போன தடவை நான் குறுக்க பேசினேன்னு எனக்கு ராத்திரி சோறு லேட்டு.